இருபது சொன்ன பெட்டி

பட்டாசு மருந்து ரூம் தீப்பிடித்தது ஒரு திங்கட்கிழமை, மதியம் ரெண்டேகால் மணிக்கு. விசாரணை அடுத்த திங்கட்கிழமை காலையில். நடுவில் இருந்த ஆறு நாளும் மாரிசெல்வி ஒரு வாய்ச் சோறு ஒழுங்காகத் தின்றிருப்பாளா? கஞ்சியை ஊற்றி வைத்துக்கொண்டு அதில் ஈ விழுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உயிர்ச்சேதம் இல்லை. அந்த மட்டுக்கும் மாரியாத்தா கண் திறந்தாள். சண்முகவேலுக்கு மட்டும் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோனது. அந்த பயர் ஆபீஸில், பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்வார்கள், அவர்தான் மூத்த போர்மேன், இருபத்தாறு வருஷமாக வெடிமருந்து கலக்குகிறவர். மாரிசெல்வி அவருக்கு அடுத்த போர்மேன். சிவகாசிப் பக்கம் பொம்பளை போர்மேன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பகலெல்லாம் சரம் பின்னிவிட்டு, கிடைத்த நேரத்தில் படித்து, பரீட்சை எழுதி வாங்கிய சான்றிதழ் அவளுடையது. இப்போது அதற்குத்தான் கேடு வந்திருந்தது. பயர் ஆபீஸில் தீப்பிடித்தால் முதலில் யார் பேரில் கேஸ் விழும் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போர்மேன் பேரில்தான். அதிலும் இந்தத் தடவை அந்தக் கதவுக்கு விதி எழுதியவளே அவள்தான்.

என்ன கதவு, என்ன விதி என்று கேட்பீர்கள். ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சொல்கிறேன்.

மருந்து ரூமைச் சுற்றி ஒரு வேலி, வேலிக்கு ஒரு இரும்புக் கதவு. கதவுக்குப் பத்தடி தள்ளி ஒரு தூணில் பெட்டி. போர்மேன் தன் அட்டையைப் பெட்டியில் காட்ட வேண்டும். சரியென்றால் பூட்டு திறக்கும், இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும். வெயில் முப்பத்தாறு டிகிரியைத் தாண்டிவிட்டால் மருந்து தொட்டாலே பற்றிக்கொள்ளும், அதனால் யார் அட்டையைக் காட்டினாலும் திறக்கக் கூடாது. இதைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி உண்டு. தமிழ்தான், மொத்தமே பன்னிரண்டு சொல். பேர் ‘வரிசை’. அதைச் செய்தவள் இசைவாணி. திருத்தங்கலில் இந்தப் பெட்டிகளைத் தயாரிக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. மாரிசெல்வியின் கூடப் பிறந்த தங்கச்சி. தாய் தகப்பன் போன பிறகு தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவள் மாரிசெல்விதான்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி அந்த மொழியைச் செய்ய ஆரம்பித்தபோது இசைவாணி முதலில் வந்து உட்கார்ந்தது அக்காவின் அடுப்படியில்தான். ரெண்டு கூட்டல் மூணு பெருக்கல் நாலு, எம்புட்டு வரும் என்று கேட்டாள். மாரிசெல்வி கத்திரிக்காய் அரிந்துகொண்டே, ரெண்டும் மூணும் அஞ்சு, அஞ்சு நாலு இருபது என்றாள். தங்கச்சி சிரித்தாள். பள்ளிக்கூடக் கணக்கில் அது இருபது இல்லையாம், பதினாலாம். பெருக்கல் எங்கே நின்றாலும் அதுதான் முந்துமாம், கூட்டல் கை கட்டிக் காத்துக்கிடக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். ‘கூடவே’ என்கிற சொல் முந்தும், ‘அல்லது’ பிந்தும். முந்தக் கூடாது என்றால் அடைப்புக்குறி போட்டுப் பிடித்துவைக்க வேண்டும்.

மாரிசெல்விக்கு இது பிடிக்கவில்லை. மருந்து ரூமில் சொன்ன வரிசையில் செய்யாதவனை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டோம். முதலில் சொன்னது முதலில் நடக்க வேண்டும், ரெண்டாவது சொன்னது ரெண்டாவது. இந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று கேட்டாள்.

இசைவாணி அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருபது முப்பது போர்மேன்களிடம் போய்க் கேட்டாள். ஒருத்தர் பாக்கியில்லாமல் இருபது என்றார்கள். அப்படியே மொழியைச் செய்தாள். அதில் எந்தக் குறியும் எதையும் முந்தாது. இடமிருந்து வலமாக, எழுதின வரிசையில் படிக்கும். அக்காவின் கோடு போட்ட நோட்டில் பச்சைப் பேனாவால் தானே எழுதிக் கொடுத்தாள்: 2 + 3 × 4 = 20, எல்லாக் குறிக்கும் ஒரே மதிப்பு, அடைப்புக்குறி வேண்டாம். கீழே கையெழுத்தும் போட்டாள். “இந்த மொழி உன் வாயிலேருந்து வந்ததுக்கா” என்றாள். அன்றைக்கு மாரிசெல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மருந்து ரூம் கதவுக்கு அவள் எழுதிய விதி ஒரே வரி.

சண்முகவேல் அல்லது மாரிசெல்வி கூடவே சூடு 36க்குக் கீழே: திற.

இடமிருந்து படித்தால் தெளிவாக இருக்கிறது. ரெண்டு பேரில் யாராவது வரலாம், அதோடு சூடும் குறைவாக இருக்க வேண்டும். சண்முகவேல் பேரை முதலில் போட்டது வேறு எதற்குமில்லை. மூத்தவர் இருக்க, தன் பேரை முன்னால் எழுதுவதா? கல்யாணப் பத்திரிகையில் போடுவோமா? கோயில் வரிப் புத்தகத்தில் எழுதுவோமா? அவளுக்குக் கை வரவில்லை. வரிசை மொழியில் யார் பேர் முந்தினாலும் ஒன்றுதானே என்று நினைத்தாள். அன்றைக்கு அது உண்மையும்கூட.

மாசி மாதம் ஒரு மதியம் சண்முகவேல் வேண்டுமென்றே அட்டையைக் காட்டிப் பார்த்தார். வெயில் முப்பத்தேழு. சிவப்பு விளக்கு எரிந்தது. பேரை முதலில் போட்டுவிட்டு என்னையே நிறுத்துகிறாயே தாயி என்று கேலி பேசிவிட்டு, டீ குடிக்கப் போனார். அதிலிருந்து அவர் வெயிலை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார். பெட்டி பார்த்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர்தான் அந்தத் திங்கட்கிழமை, லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது, ஒரு தட்டு மருந்து குறைகிறது என்று மதியம் போய் அட்டையைக் காட்டினார். கதவு திறந்தது. திறந்ததால் உள்ளே போனார். வெயில் அப்போது நாற்பத்தொன்று. தட்டில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ரெண்டு கையும் பஞ்சுப்பொதி மாதிரி கட்டுப்போட்டுக் கிடந்தவரைப் பார்க்க மாரிசெல்வி போனாள். ஒரு வசவு வைதிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வையவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கதவு தொறந்துச்சே தாயி. நீ எழுதுனதுதானே?”

பஸ்ஸில் திரும்பி வரும்போது நோட்டை எடுத்து எடுத்துப் பார்த்தாள். விதி சரியாகத்தான் இருந்தது. எங்கே தவறினோம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இசைவாணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. தோசை வார்த்து வைத்ததைத் தொடவில்லை. கடைசியில் விஷயம் வெளியே வந்தது.

பங்குனியில் வெளி மாநிலத்திலிருந்து கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்ததாம். பள்ளிக்கூடக் கணக்கு முறைதான் வேண்டும், உலகத்தில் எந்த மொழியும் இப்படி இடமிருந்து வலமாக ஓடுவதில்லை என்று அங்கிருந்த இன்ஜினியர்கள் சொல்லிவிட்டார்களாம். மேனேஜர் மாற்றச் சொன்னார், இவள் மாற்றினாள். சிம் கார்டு வழியாக எல்லாப் பெட்டிக்கும் புது முறை ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து ‘கூடவே’ முந்திக்கொண்டது. மாரிசெல்வி எழுதிய அதே வரியைப் பெட்டி இப்போது வேறு மாதிரி படித்தது. மாரிசெல்வி வந்தால் சூடு குறைவாக இருக்க வேண்டும். சண்முகவேல் வந்தால் ஒன்றும் பார்க்க வேண்டாம், எந்நேரமும் திற. மரியாதைக்கு முன்னால் போட்ட பேர் அந்த மனுசனைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

விதி எழுதின முப்பத்துநாலு போர்மேனுக்கும் போன் போட்டு, உங்கள் விதிக்கு அடைப்புக்குறி போடுங்கள் என்று சொல்ல வேண்டியது இசைவாணியின் பொறுப்பு. முப்பத்துமூன்று பேருக்குச் சொன்னாள். அக்காதானே, பங்குனிப் பொங்கலுக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டியலில் அந்தப் பேருக்கு நேராகவும் டிக் போட்டுவிட்டாள். பொங்கலுக்கு வந்தாள். கறிச்சோறு தின்றாள், ராட்டினம் பார்க்கப் போனாள், மத்தியானம் தூங்கினாள், முறுக்கு டப்பாவைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். மறந்தே போனது.

அயலாராக இருந்திருந்தால் அவளுக்கு ஒரு போன் வந்திருக்கும், பாருங்கள். கூடப் பிறந்த குற்றத்துக்கு வரவில்லை.

மாரிசெல்வி தோசைக் கரண்டியைத் தூக்கிப் போட்டாள். தோசைக்கல்லை எடுத்து எறியலாமா என்றுகூட வந்தது. ஆனால் கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. தான் எழுதியதில் பிசகில்லை. நாளைக்கு விசாரணையில் இதை அப்படியே சொல்லிவிடு என்றாள். சொல்லிவிடுகிறேன் என்று இசைவாணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிறகுதான் நோட்டைக் கேட்டாள்.

“நீ கொண்டாந்தா நீயா எழுதிக்கிட்டதுன்னுவாகக்கா. நான் கொண்டுபோய் என் கையெழுத்துன்னு காட்டுனாத்தான் எடுபடும்.”

நாம் அக்கா தங்கச்சி என்பதையும் அங்கே சொல்ல வேண்டாம், சொந்தக்காரிக்காகப் பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மாரிசெல்வி நோட்டைத் துடைத்து, பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தாள். போகும்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதவளைத் தூக்கி நிறுத்தி, முகத்தையும் கழுவிவிட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் ரூமில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, நரைத்த மீசை, அதிகம் பேசாதவர். பக்கத்தில் முதலாளி ராஜபாண்டியன். தீ விபத்தென்றால் எந்த முதலாளியும் யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பார், இவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் மடிக்கணினியோடு இசைவாணி. அதிகாரி மாரிசெல்வியை உட்காரச் சொல்லி, வாக்குமூலத் தாளின் தலைப்பில் பேர், தகப்பனார் பேர், வேலை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கம்பெனியிலிருந்து வந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

இசைவாணி எழுந்தாள். தட்டச்சடித்த ஒரு தாளைப் படித்தாள். வரிசை மொழியில் ‘கூடவே’ என்பது ‘அல்லது’ என்பதற்கு முந்தும். ஆரம்பத்திலிருந்தே இதுதான் முறை. வேறு விதமாக வேண்டுமென்றால் அடைப்புக்குறி போடுவது விதி எழுதுபவரின் பொறுப்பு. இது எல்லா போர்மேன்களுக்கும் தெரிவிக்கப்பட்டுள்ளது. இந்த விதியை எழுதியவர் அடைப்புக்குறி போடத் தவறியதே விபத்துக்குக் காரணம்.

படிக்கும்போது அவள் குரல் நடுங்கக்கூட இல்லை. மாரிசெல்விக்கு முதலில் விளங்கவேயில்லை. வேறு ஏதோ தாளை மாற்றிப் படிக்கிறாள், இதோ நிறுத்தப்போகிறாள், பையிலிருந்து நோட்டை எடுக்கப்போகிறாள் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தாளை மடித்து உறையில் வைத்தது.

“அந்த நோட்டக் காட்டு” என்றாள் மாரிசெல்வி.

இசைவாணி அதிகாரியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“எந்த நோட்டு?”

பாவி மகள். எடுத்து வளர்த்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? பச்சைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்ட நோட்டு. நேற்று உன் கையில் நம்பிக் கொடுத்த நோட்டு. தெருத்தெருவாய்ச் சொல்லிப் பெருமைப்பட்ட நோட்டு. மாரிசெல்விக்குச் சண்முகவேல் படுத்திருந்த கட்டில் கண்முன்னால் வந்தது. அவர் கூரையைப் பார்த்துக் கேட்டது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

ஏதாவது எழுத்து மூலமாக வைத்திருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். நேற்று வரைக்கும் இருந்தது என்றாள். இன்றைக்கு இல்லை என்றால் நான் எதை எழுதிக்கொள்வது என்றார் அவர். ராஜபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாவம் சார், அம்புட்டுப் படிப்பு இல்லாத பொம்பளை என்றார். அவர் அனுதாபத்தில் கொள்ளி வைக்க. அந்தச் சொல்தான் மாரிசெல்வியை உசுப்பிவிட்டது.

கரட்டுக்குப் பின்னால் இருக்கிற குடோன் ஞாபகம் வந்தது.

செய்த பட்டாசை அடுக்கி வைக்கிற குடோன் அது. கட்டிடங்களை விட்டுத் தள்ளி, கரட்டுக் குன்றின் மறைவில் இருக்கிறது. அங்கே டவர் கிடையாது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாலும் ஒரு கோடு வராது. பெட்டி வைத்த நாளிலேயே, இந்த ஒன்றுக்கு மட்டும் புது முறை எதுவும் வந்து சேராது, நான் ஆள் அனுப்பித்தான் ஏற்ற வேண்டும் என்று இசைவாணி சலித்துக்கொண்டது மாரிசெல்விக்கு நன்றாக நினைவிருந்தது. ஆள் யாரும் வரவில்லை. குடோன் சாவி அவளிடம்தான் இருக்கிறது, அவளுக்குத் தெரியாமல் ஒரு குருவிகூட அங்கே போக முடியாது.

அவள் எழுந்து நின்றாள். அய்யா ஒரு நூறடி நடந்து வர முடியுமா, அப்புறம் இன்னும் கொஞ்சம் தூரம் என்று கேட்டாள். எதற்கு என்றார் அதிகாரி. பெட்டியையே கேட்டுவிடலாம் என்றாள்.

அப்போதுதான் இசைவாணி முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் எதற்கு சார், மடிக்கணினியிலேயே காட்டிவிடலாம் என்று ஏதோ சொன்னாள். அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் பேக்கிங் ஷெட். அந்தக் கதவுக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி, அதில் கணக்குப் போடுகிற பொத்தான்களும் உண்டு. மாரிசெல்வி அதிகாரியையே அடிக்கச் சொன்னாள். ரெண்டு, கூட்டல், மூணு, பெருக்கல், நாலு. சின்னத் திரையில் பதினாலு என்று வந்தது. அவர் குறித்துக்கொண்டார். பதினாலுதானே சரி என்றும் சொன்னார்.

பிறகு கரட்டைச் சுற்றி நடந்தார்கள். முள்ளும் சரளையுமான பாதை. ராஜபாண்டியன் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். இசைவாணி கடைசியில் வந்தாள். பாதி வழியில் எட்டிப்போட்டு மாரிசெல்வியின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், அக்கா, என் வேலை போயிரும்க்கா, உனக்கு வக்கீல் வச்சுக் கேஸை நான் பாத்துக்கிர்றேன்க்கா என்றாள். மாரிசெல்வி நடந்துகொண்டே இருந்தாள். வக்கீல் வைக்கிற அளவுக்கு யோசித்துவிட்டுத்தான் நேற்று முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாளா? அந்த அழுகையை நினைக்கத்தான் அவளுக்குக் குமட்டியது.

குடோன் பெட்டி தூசியாக இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அதிகாரி குடையை மடக்கிவிட்டு அதே பொத்தான்களை அதே வரிசையில் அடித்தார்.

இருபது.

அவர் திரும்ப ஒருமுறை அடித்தார். திரும்பவும் இருபதுதான். தன் போனை எடுத்துப் பார்த்தார், டவர் இல்லை. பிறகு இசைவாணியிடம் திரும்பினார். ஆரம்பத்திலிருந்தே ஒரே முறைதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, இது என்ன என்று கேட்டார். ராஜபாண்டியன் சட்டென்று மாரிசெல்வி நின்ற பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

ஒரு வேப்பமர நிழலில் வைத்தே அதிகாரி வாக்குமூலத்தைத் தொடர்ந்தார். பலகையில் தாளைச் செருகிக்கொண்டார். பெட்டி இருபது சொல்லும், எழுதின வரிசையில்தான் படிக்கும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார், பிறகு மாற்றியதைச் சொல்லாமல் விட்டது யார் என்று கேட்டார். ரெண்டுக்கும் பதில் ஒரே பேர் என்றால் ஒரே பேராகச் சொல்லுங்கள் என்றார்.

கம்பெனி ஆட்கள் என்று சொல்லி விட்டுவிடலாம். பேர் தெரியாது என்றுகூடச் சொல்லலாம். அவ்வளவுக்கு அவர் துருவுகிற ஆளாகவும் தெரியவில்லை. மாரிசெல்விக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. ரெட்டைச் சடையோடு கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை நாலடி தள்ளி நின்று, அக்கா என்று உதட்டை மட்டும் அசைத்தது. அந்த உதடுதான் எந்த நோட்டு என்று கேட்டது. காலையில் அது கேட்காமல் இருந்திருந்தால், மறந்துவிட்டேன் சார் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கேஸைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குக்கூடப் போயிருப்பாள். சாமி சத்தியமாகப் போயிருப்பாள்.

“இசைவாணி” என்றாள்.

அதிகாரி எழுதினார்.

“தகப்பனார் பேர் தெரியுமா?”

“கோட்டைச்சாமி.”

எழுதிக்கொண்டு வந்தவரின் பேனா பாதியில் நின்றது. தாளின் தலைப்புக்குப் போய், காலையில் மாரிசெல்வியின் பேருக்குக் கீழே எழுதியதை ஒருமுறை படித்தார். பிறகு நிமிர்ந்து ரெண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“அதே கோட்டைச்சாமிதான் சார்” என்றாள் மாரிசெல்வி. “எழுதிக்கோங்க.”